மௌத் ஆர்கன் தாத்தா ஊர் திரும்பினார்

உங்கள் வீட்டு மேஜை டிராயரைச் சற்றுத் துழாவிப் பாருங்கள். மூடியில்லாத பேனா, பல் உடைந்த சீப்பு, எந்தப் பூட்டுக்கு உரியது என்று யாருக்குமே தெரியாத ஒரு சாவி, இவற்றுக்கு நடுவில் ஒரு மௌத் ஆர்கன் கிடந்தாலும் கிடக்கும். அண்ணா காலேஜில் படித்தபோது வாங்கியது. நிலா வெளிச்சத்தில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, இரண்டே இரண்டு சினிமாப் பாட்டுக்களைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுத்தார். உத்தியோகம் கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, மௌத் ஆர்கன் டிராயருக்குப் போயிற்று. எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

அந்தச் சின்னஞ்சிறு வாத்தியத்தை ஒருவர் டிராயரில் போடாமல், அறுபது வருஷத்துக்கு மேல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு உலகம் சுற்றியிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? அவர் பெயர் சார்லி மஸல்வைட். அமெரிக்கர். 1944-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி மிஸிஸிப்பி மாகாணத்தில் கோஸியஸ்கோ என்ற சின்ன ஊரில் பிறந்தவர். எழுபத்தெட்டாவது வயதில், 2022-ம் ஆண்டு ஜூன் மாதம், ‘மிஸிஸிப்பி ஸன்’ என்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ‘மிஸிஸிப்பியின் பிள்ளை’ என்று அதற்கு அர்த்தம். அந்த இசைத்தட்டைப் பற்றியும், அதற்குப் பின்னால் இருக்கிற மனிதரைப் பற்றியும்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மௌத் ஆர்கனா, அதற்கு ஒரு கட்டுரையா என்று புருவத்தை உயர்த்துகிறீர்கள். இருங்கள், சொல்கிறேன்.

முதலில் ‘ப்ளூஸ்’ என்கிற சங்கீதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மிஸிஸிப்பி மாகாணத்தின் வடமேற்கே, மிஸிஸிப்பி நதிக்கும் யாஸூ என்ற இன்னொரு நதிக்கும் இடையே தட்டைப் பலகை மாதிரி ஒரு சமவெளி இருக்கிறது. அதை ‘டெல்டா’ என்று அழைக்கிறார்கள். நம் காவிரி டெல்டாவைப் போல் நதி கடலில் கலக்கும் இடம் அல்ல அது. சமுத்திரம் அங்கிருந்து வெகு தூரம். வெள்ளம் வந்து வந்து வண்டலைக் கொட்டிவிட்டுப் போன கரிசல் பூமி. எங்கே பார்த்தாலும் பருத்தி. அந்தப் பருத்தியைப் பயிரிட்டவர்கள் கறுப்பு இன மக்கள். அடிமை முறை 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்த பிறகு என்ன? நிலம் முதலாளியுடையது, உழைப்பு இவர்களுடையது, விளைச்சலில் பங்கு. ஆனால் விதைக்கு, மாவுக்கு, துணிக்கு எல்லாம் முதலாளியின் கடையிலேயே கடன். வருஷ முடிவில் கணக்குப் பார்த்தால் கையில் மிஞ்சுவது அநேகமாகப் பழைய கடன்தான்! கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இந்த வயல்களில் பிறந்ததுதான் ப்ளூஸ். ஓர் அடியைப் பாடுவது. அதையே மறுபடியும் பாடுவது. மூன்றாவது அடியில் அதற்கு ஒரு பதில் சொல்வது. அமைப்பு அவ்வளவுதான். அழுகை, கேலி, பிரிவு, ரயில், வெள்ளம், துரோகம் செய்த காதலன், எல்லாம் அந்த மூன்று அடிக்குள் அடங்கிவிடும். நடுவில் குரல் ஓய்ந்தால் வாத்தியம் பதில் சொல்லும். பாட்டி புலம்ப, அம்மா ‘உம்’ கொட்டுகிற மாதிரி.

மௌத் ஆர்கன் இதில் எப்படி வந்து நுழைந்தது? அது ஜெர்மனி தேசத்துச் சரக்கு. 1857-ல் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரத் தொழிலாளி ட்ராஸிங்கன் என்னும் ஊரில் அதைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆயிற்று. பியானோ வாங்க வசதி இல்லாதவன், பிடில் வாங்க வசதி இல்லாதவன், இதை வாங்கினான். பருத்தி பொறுக்குகிறவன் சட்டைப் பையிலும் இது இருந்தது. மௌத் ஆர்கனில் பத்துத் துளைகள். உள்ளே ஆர்மோனியத்தில் இருப்பது போலவே இருபது உலோக நாக்குகள். ஊதினால் ஒரு ஸ்வரம், உறிஞ்சினால் வேறு ஸ்வரம். ஜெர்மன்காரர் தங்கள் நாட்டு நடனப் பாட்டுக்கு ஏற்றபடி, ஊதி வாசிக்கத்தான் அதை அமைத்தார்கள்.

கறுப்பு இன மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தலைகீழாக்கினார்கள்! ஊதுவதைக் குறைத்துக்கொண்டு, உறிஞ்சுவதைப் பிரதானமாக்கினார்கள். உறிஞ்சும்போது நாக்கையும் தொண்டையையும் ஒரு தினுசாக வளைத்தால் ஸ்வரம் தன் இடத்திலிருந்து இறங்கி வழுக்குகிறது. இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே, பியானோவில் கட்டையே இல்லாத ஓர் இடத்தில் போய் நின்று முனகுகிறது. நம் வித்வான்கள் காந்தாரத்தை அசைத்துப் பிடிப்பதைக் கேட்ட காதுக்கு இது புரியாமல் போகாது. வாத்தியத்தைச் செய்தவர் நினைத்தே பார்க்காத ஒரு சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது. ரயில் ஓடுகிற சத்தம், நாய் குரைக்கிற சத்தம், குழந்தை ‘அம்மா’ என்று அழுகிற சத்தம் எல்லாவற்றையும் அந்த அரையடித் தகரத்தில் கொண்டுவந்துவிட்டார்கள்.

* * *

சார்லி வெள்ளைக்காரப் பையன். ஏழை வீட்டுப் பிள்ளை. வீட்டில் சங்கீதம் இருந்தது. அப்பா கிதாரும் மௌத் ஆர்கனும் வாசிப்பார், அம்மா பியானோ வாசிப்பாள். மூன்று வயதில் குடும்பம் மெம்பிஸ் நகரத்துக்குக் குடியேறியது. அந்த மெம்பிஸில் பழைய காலத்து ப்ளூஸ்காரர்கள் சிலர் வயதாகி, யாரும் சீந்தாமல் சந்து பொந்துகளில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வில் ஷேட் என்பவர் ஒருவர். பர்ரி லூயிஸ் என்பவர் ஒருவர். 1920-களில் இசைத்தட்டுக் கொடுத்துப் பிரபலமாகி, பிறகு உலகம் மறந்துவிட்டவர்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்க முடியாத அந்தக் காலத்தில், இந்தப் பையன் அந்தக் கிழவர்களின் வீட்டுக்குப் போய்க் காலடியில் உட்கார்ந்தான். குருகுலவாசம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிழைப்புக்கு என்ன? பள்ளம் வெட்டினான், சிமெண்டு வேலை செய்தான், திருட்டுச் சாராயம் கூடக் காரில் ஏற்றிப் போயிருக்கிறான். பின்னாளில் அவரே இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பதினெட்டு வயதில், தொழிற்சாலை வேலை கிடைக்கும் என்று சிகாகோவுக்குப் புறப்பட்டான். கிடைத்த முதல் உத்தியோகம் என்ன தெரியுமா? வீடு வீடாகப் போய்க் கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்கிற ஒருவருக்குக் கார் ஓட்டுவது!

ஆனால் அந்த வேலையிலும் ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. நகரம் முழுவதும் சுற்றியதில், எந்தக் கடைக் கண்ணாடியில் யாருடைய கச்சேரி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது என்பது மனப்பாடமாயிற்று. சிகாகோவின் தெற்குப் பகுதியில், டெல்டாவிலிருந்து வந்து குடியேறிய கறுப்பு இன மக்களின் பேட்டைகளில், இரவெல்லாம் ப்ளூஸ். மட்டி வாட்டர்ஸ், ஹௌலின் உல்ப், லிட்டில் வால்டர் ஆகிய மகாவித்வான்கள் சின்னச் சின்ன மதுக்கடைகளில் பத்தடி தூரத்தில் நின்று பாடுவார்கள். ஓரத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பான். தனக்கும் வாசிக்கத் தெரியும் என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

இதை வெளியிட்டது ஒரு பெண்மணி. அந்தக் கடையில் பரிமாறுகிறவள். சார்லியுடன் பழகியதில் விஷயம் தெரிந்துகொண்டு, நேராக மட்டி வாட்டர்ஸிடம் போய், “இந்தப் பையன் வாசிப்பதை நீங்கள் ஒரு நாள் கேட்க வேண்டும்” என்று போட்டு உடைத்துவிட்டாள். மட்டி மேடைக்குக் கூப்பிட்டார். பையன் வாசித்தான். மறுநாளிலிருந்து மற்றவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள், காசும் கொடுத்து! சங்கீத சரித்திரம் எழுதுகிறவர்கள் மட்டி வாட்டர்ஸைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்தப் பெண்மணிக்கு ஒரு பாராவாவது கொடுத்திருக்கலாம்.

சிகாகோவில் இசைத்தட்டுக் கடையை ஒட்டிய ஜாகையில் பிக் ஜோ வில்லியம்ஸ் என்ற முதிய பாடகரோடு சார்லி குடித்தனம் நடத்தினான். பிக் ஜோவின் கிதாரில் ஆறு தந்திகளுக்குப் பதில் ஒன்பது தந்திகள். ‘வேறு யாரும் இரவல் கேட்கக் கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்தார்’ என்று ஒரு கதை உண்டு. புடவை இரவல் கேட்கும் நாத்தனார் உள்ளவர்களுக்கு இந்த உபாயம் பயன்படுமா என்று தெரியவில்லை!

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் முதல் இசைத்தட்டு. அது நன்றாக ஓடவே, கலிபோர்னியாவில் ஒரு மாதக் கச்சேரிக்கு அழைப்பு வந்தது. போனவர் திரும்பவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் கலிபோர்னியாவாசியாகிவிட்டார்.

* * *

இனிமேல் ‘அவன்’ வேண்டாம். ‘அவர்’ என்றே சொல்கிறேன். ஏனென்றால் இப்போது சொல்லப் போகும் சம்பவத்தில்தான் அவர் பெரிய மனிதரானார் என்பது என் அபிப்பிராயம்.

மேடை ஏறுகிறவர்களில் பல பேருக்கு உள்ளுக்குள் உதறல். சார்லிக்கும் உண்டு. அந்த உதறலுக்கு அவர் கண்ட மருந்து, குடி. சுய நினைவோடு மேடையில் நின்றதே இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டார். விட்டுவிட வேண்டும் என்று எண்ணாமல் இல்லை. எண்ணத்தானே முடிந்தது!

1987-ம் வருஷம் அக்டோபர் மாதம். டெக்ஸாஸ் மாகாணத்தில் மிட்லண்ட் என்ற ஊரில், வீட்டுக் கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, பாழும் கிணற்றுக் குழாய் ஒன்றுக்குள் விழுந்துவிட்டது. குழாயின் அகலம் எட்டே அங்குலம். குழந்தை போய்ச் சிக்கிக்கொண்ட ஆழம் இருபத்திரண்டு அடி. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டி, பாறையைக் குடைந்துதான் குழந்தையை எட்ட முடியும். ஒரு நாள் ஆயிற்று. இரண்டு நாள் ஆயிற்று. அமெரிக்கா முழுவதும் ரேடியோவுக்கும் டெலிவிஷனுக்கும் முன்னால் உட்கார்ந்து தவித்தது. உள்ளே இருட்டில் குழந்தை தனக்குத் தெரிந்த பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது மேலே இருந்தவர்களுக்குக் கேட்டதாம்.

கச்சேரிக்குக் காரில் போய்க்கொண்டிருந்த சார்லி இதை ரேடியோவில் கேட்டார். அந்தப் பிஞ்சு இருட்டில் பாடிக்கொண்டு தைரியமாக இருக்கிறது. நம்மால் ஒரு நாள் குடிக்காமல் இருக்க முடியவில்லையே என்று சுருக்கென்றது. ‘குழந்தை வெளியே வரும் வரை ஒரு சொட்டுத் தொடுவதில்லை’ என்று பிரார்த்தனை போல் சங்கல்பம் செய்துகொண்டார். அன்றிரவு தெளிந்த புத்தியோடு மேடையில் நின்றார். ஐம்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பிறகு குழந்தை உயிரோடு வெளியே வந்தது. அன்று தொட்டவர் இல்லை, சார்லி. இதைப் பற்றி ‘தி வெல்’ என்ற பாட்டும் எழுதினார். ‘கிணறு’ என்று அர்த்தம். 2010-ல் அந்தப் பெயரிலேயே ஒரு இசைத்தட்டு வந்தது. ‘அந்தக் குழந்தையும் மீண்டது, நானும் மீண்டேன்’ என்பதுதான் அதன் சாரம்.

அந்த இசைத்தட்டிலேயே இன்னொரு பாட்டும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வேண்டும். 2005-ம் வருஷம் மெம்பிஸில் இருந்த அவருடைய தாயார், தொண்ணூற்று மூன்று வயதில், வீட்டுக்குள் புகுந்த திருடனால் கொல்லப்பட்டார். வயதான அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைப் படிக்கும்போது என்ன தோன்றும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்தத் துக்கத்தைப் பாட்டாக்கிய போது, மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் என்ற புகழ்பெற்ற கறுப்பு இனப் பாடகி கூடச் சேர்ந்து பாடினார். கோபம் கொப்புளிக்க வேண்டிய இடத்தில் கோபமே இல்லை. எனக்கு அது புரியவில்லை. இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகும் முழுவதும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

2014-ல், பென் ஹார்ப்பர் என்ற இளையவருடன் சேர்ந்து செய்த ‘கெட் அப்!’ இசைத்தட்டுக்காகக் கிராமி பரிசு கிடைத்தது. பட்டம், பதவி, கௌரவம் எல்லாம் வந்தாயிற்று. அதன் பிறகுதான் மனிதருக்கு ஊர் ஞாபகம் வந்தது. மனைவி ஹென்ரியட்டாவுடன் கலிபோர்னியாவை விட்டுப் புறப்பட்டு, மிஸிஸிப்பியில் டெல்டாவின் நடுவே இருக்கும் கிளார்க்ஸ்டேல் என்ற ஊரில் வந்து குடியேறினார்.

கிளார்க்ஸ்டேல் சாமானிய ஊர் அல்ல. மட்டி வாட்டர்ஸ் அதன் பக்கத்துப் பண்ணை ஒன்றில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். 1943-ல் அங்கிருந்துதான் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். ‘ப்ளூஸ் சக்கரவர்த்தினி’ என்று கொண்டாடப்பட்ட பாடகி பெஸ்ஸி ஸ்மித், 1937-ல் கார் விபத்தில் அடிபட்டு இந்த ஊரில் கறுப்பு இன மக்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரியில்தான் உயிர் நீத்தார். 61-ம் நம்பர் சாலையும் 49-ம் நம்பர் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஒரு பாடகன் நள்ளிரவில் பிசாசுக்கு ஆத்மாவை விற்று வித்தையை வாங்கினான் என்று ஒரு கதையும் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அங்கே நின்று போட்டோ பிடித்துக்கொள்கிறார்கள். ராத்திரி பகலாகச் சாதகம் செய்தான் என்று சொன்னால் யார் போட்டோ பிடிக்க வருவார்கள்!

1944-ல், சார்லி பிறந்த அதே வருஷம், இந்த ஊருக்கு அருகில் ஹாப்ஸன் பண்ணையில் பருத்தி எடுக்கும் யந்திரங்களைக் கொண்டு அறுவடை செய்து காட்டினார்கள். அப்புறம் ஆட்கள் எதற்கு? ஏற்கெனவே வடக்கே போய்க்கொண்டிருந்த ஜனங்கள் இன்னும் வேகமாகப் போனார்கள். அந்தப் பாட்டும் அவர்களுடன் ரயிலேறிப் போயிற்று. சார்லி அதைத் தேடிக்கொண்டு சிகாகோவுக்குப் போனார். இப்போது அதனோடு ஊர் திரும்பியிருக்கிறார்.

* * *

இசைத்தட்டு உருவானதில் ஆர்ப்பாட்டம் இல்லை. ஊரிலேயே ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் கேரி வின்ஸெண்ட் என்பவர் சிநேகிதர். சார்லி அங்கே போய் உட்கார்ந்து கிதாரை மீட்டிக்கொண்டிருப்பார். அதைப் பதிவு செய்தார் கேரி. மொத்தம் 14 உருப்படிகள். அவற்றில் 8 சார்லியே இயற்றியவை. கிதாரும் அவர், மௌத் ஆர்கனும் அவர், குரலும் அவர். சில பாட்டுக்களில் மட்டும் பக்கத்தில் இரண்டு பேர் அடக்கமாகத் துணை வாசிக்கிறார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். குரல் இனிமையான குரல் அல்ல. கட்டை போட்ட குரல். பாதிப் பாட்டுக்குப் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது. ‘தி டார்க்’ என்ற உருப்படியைப் பாட்டு என்று சொல்வதைவிடக் கதை என்று சொல்லலாம். கிதாரிலும் ஜாலவித்தை ஒன்றும் கிடையாது. முதல் தடவை கேட்டபோது, ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே’ என்று எனக்கே அலுப்புத் தட்டியது. இரண்டாம் தடவை, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, மெள்ளமாக வைத்துக் கேட்டேன். அப்போதுதான் அந்த மௌத் ஆர்கன் என்ன செய்கிறது என்று தெரிந்தது. முந்திக்கொள்வதில்லை. குரல் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கிறது. பிறகு நாலே நாலு ஸ்வரம். அதில் ஒன்று வளைகிறது. அவ்வளவுதான், மறுபடி மௌனம். வயதானவர்கள் பேச்சு அப்படித்தானே?

‘பீ வைன் ப்ளூஸ்’ என்பது சார்லி பாட்டன் 1929-ல் பாடிய பாட்டு. பீ வைன் என்பது பண்ணைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடிய ஒரு கிளை ரயில். ‘ஹோபோ ப்ளூஸ்’, ‘கிராலிங் கிங் ஸ்நேக்’ இரண்டும் ஜான் லீ ஹூக்கரின் உருப்படிகள். ஹூக்கர் இவருக்கு உயிர்ச் சிநேகிதர். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர்! ‘ரிமெம்பரிங் பிக் ஜோ’ என்பதில் வார்த்தையே இல்லை. ஒன்பது தந்திக் கிழவரை நினைத்துக் கிதாரில் தனியே வாசிக்கிறார். 1982-ல் காலமாகிவிட்ட ஒருவருக்கு நாற்பது வருஷம் கழித்துச் செய்த மரியாதை.

கறுப்பு இன மக்களின் துக்கத்தை ஒரு வெள்ளைக்காரர் பாடிப் பெயர் வாங்கலாமா என்று கேட்பவர்கள் அங்கே உண்டு. கேள்வி நியாயமானதுதான். அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு லட்சக்கணக்கில் சம்பாதித்த வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். அதைப் படைத்தவர்களோ கடன்பட்டுச் செத்தார்கள். மஸல்வைட் விஷயத்தில் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அவர் இசைத்தட்டைக் கேட்டுக் கற்றுக்கொண்டு வித்தை காட்டவில்லை. அந்தக் கிழவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்து, அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டுக் கற்றுக்கொண்டார். மேடையில் அவர்கள் பெயரைச் சொல்ல ஒரு நாளும் மறந்ததில்லை. இது போதுமா, போதாதா என்பதை அந்த ஜனங்கள்தான் சொல்ல வேண்டும். நானும் நீங்களும் அல்ல.

‘மிஸிஸிப்பி ஸன்’ கிராமி பரிசுக்கு உரிய ஐந்தில் ஒன்றாகத் தேர்வாயிற்று. பரிசு வேறு இசைத்தட்டுக்குப் போயிற்று. தாத்தா ஓய்ந்துவிடவில்லை. 2023-ல் ஒரு பெரிய ஹாலிவுட் படத்தில் சின்ன வேஷம் போட்டார். 2025-ல், எண்பத்தோராவது வயதில், ‘லுக் அவுட் ஹைவே’ என்று இன்னொரு இசைத்தட்டும் வெளியிட்டுவிட்டார்.

கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ‘ரேங்க் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ என்ற பாட்டைத் தேடிப் போடுங்கள். பழைய மலைநாட்டுப் பக்திப் பாட்டு அது. வெகு காலம் கழித்துச் சொந்த ஊருக்குத் திரும்பி வருகிறான் ஒருவன். வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது. எதிரே வருகிறவர்கள் எல்லாம் முன்பின் தெரியாதவர்கள். அம்மா இல்லை, அப்பா இல்லை, கூட விளையாடியவர்கள் இல்லை. அம்மாவைப் பறிகொடுத்து, குருமார்களை எல்லாம் வழியனுப்பி வைத்துவிட்டு, முதிய வயதில் மிஸிஸிப்பிக்குத் திரும்பிய ஒருவர் அதைப் பாடுகிறார். குரல் நடுங்குகிறதா என்று உற்றுக் கேட்டேன். நடுங்கவில்லை.